நொக்ஸின் தீவும் கிறூசோவின் தீவும்

புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பஞ் செய்யும் பொருட்டுத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் தரித்தது. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். ஏறத்தாழ 19 ஆண்டுகளின் பின், 1679 இல், மகன் தப்பியோடி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். இலங்கை பற்றிய அவனது நூல் 1681 இல் இலண்டனில் வெளியாயிற்று.

டானியல் டிபோ இந்நூலை அறிந்திருந்தார் என்பதற்கு, நொக்ஸின் கதையை எடுத்துரைக்கும் ‘கப்டன் சிங்கிள்டன்’ (1720) சான்றாகும். ‘றொபின்சன் கிறூசோ’வுக்கும் (1719) அது தூண்டுகோலாயிற்று என்பர் திறனாய்வாளர் சிலர். எனினும், இரு நூல்களுக்குமிடையிலான ஒற்றுமையினும் வேற்றுமையே பெரிதும் சிந்திக்கத்தக்கது.

கிறூசோ ஆளில்லாத் தீவொன்றுக்குத் தன்னை அதிபதியாக்கிக் கொள்கிறான். பின்னர் அங்கு வந்த மனிதனுக்குத் தானே பெயரிட்டு ஏவலனாக்குகிறான். நொக்ஸோ மக்கள் நிறைந்த நாட்டிற் பிறர் தயவில் வாழ்ந்தவன். தொப்பி பின்னி விற்றான். நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். ஊரவர் மொழியைக் கற்றான். உழவும் உணவும் மணவினையும் அவனது நூலில் உயிர்ப்புடன் அமைந்தமைக்கு இவ்வாழ்வே காரணம். தமிழ்ப் பகுதிகளைப் பற்றி அவன் கூறுவது சிறிதே என்பது குறையாயினும், அவனது தீவு வெறுந்தீவன்று.

உலகம் கிறூசோவை நினைவிற் கொண்டது, கொட்டியாரத்தை மறந்தது. உரியவர் எவருமில்லாத நிலம் என்னும் கற்பனை குடியேற்றவாதத்துக்கு உவப்பானதன்றோ? கிறூசோவைப் பயில்வோர் நொக்ஸையும் உடன்வைத்துப் பயிலல் வேண்டும். அப்பொழுதே, அத்தீவிலிருந்து மனிதர் அகற்றப்பட்டதன் பொருள் புலப்படும்.