உன்னதப்பாட்டும் தமிழ் அகமும்

எபிரேய விவிலியத்துள் உன்னதப்பாட்டு என்னும் சிறுநூல் ஒன்று உளது. எட்டு அதிகாரமும் 117 வசனமும் உடைய அந்நூலில் தலைவனும் தலைவியும் காதல் மொழிகின்றனர். இறைவனைத் துதிக்கும் வசனம் ஒன்றேனும் இல்லை. அதற்கும் நம் சங்க அகப்பாட்டுக்கும் உறவு உண்டு என்று எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹயிம் ராபின் 1973-ஆம் ஆண்டளவில் ஒரு கட்டுரை வரைந்தார். தமிழர்க்கு உவகை தரும் கருத்து அது. ஆயின் உவகை வேறு, ஆராய்ச்சி வேறு. அக்கருத்து எத்துணை வலியுடையது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ராபின் காட்டும் சான்றுகள் இரு வகைய. முதலாவது வணிகம். சாலமோனின் கலங்கள் கொணர்ந்த பொருள்களுள் 'துக்கி' என்பதொன்று. அச்சொல் தமிழ்த் 'தோகை'யின் திரிபு என்பது கால்டுவெல் காலந்தொட்டு வழங்கும் கருத்து. எனினும் இது முடிந்த முடிபன்று. அச்சொல் எகிப்திய மொழியிற் குரங்கினத்தைக் குறித்தது என அறிஞர் ஆல்பிரைட் கொண்டார். தோகையே எனக் கொள்ளினும், மயிலைச் சுமந்த கலம் பாட்டையும் சுமந்தது என்பதற்கு அச்சொல் சான்றாகாது.

இரண்டாவது இலக்கியப் பண்பு. தலைவியே மிகுதியும் பேசுதலும், இயற்கை காதலுக்குப் பின்புலமாதலும், அவள் கூற்றில் ஏக்கம் மேலோங்கலும் இரு மரபுக்கும் பொது என்பர் ராபின். தென்னிந்தியா வந்து தமிழ்ப் பாட்டைக் கேட்டறிந்த ஒருவர் அந்நூலை யாத்திருக்கலாம் என்பது அவர் ஊகம்.

இவ்வூகத்திற்குக் காலம் துணை நிற்கவில்லை. சாலமோன் கி.மு. 10-ஆம் நூற்றாண்டினன். சங்கப் பாட்டுக்களோ கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டனவாகப் பெரும்பாலோர் கொள்ளார். உன்னதப்பாட்டின் நான்காம் அதிகாரத்தில் சோலையைக் குறிக்கும் பாரசீகச் சொல் ஒன்று பயில்வதால், அந்நூலின் இன்றைய வடிவம் சாலமோனுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது எனலாம். இரு மரபும் எழுத்துக்கு முன்னரே வாய்மொழியாய் வாழ்ந்திருக்கலாம் என விடை கூறுவார் உளர். 'இருக்கலாம்' என்பதன்மேல் மற்றோர் 'இருக்கலாம்' அடுக்குதல் நிறுவுதல் ஆகாது.

இனி, அண்மையில் உள்ளதை விடுத்துச் சேய்மையில் உள்ளதைத் தேடுதல் தகுமா? கி.மு. 12-ஆம் நூற்றாண்டை ஒட்டிய எகிப்தியக் காதற் பாட்டுக்கள் தாளேடுகளிற் கிடைத்துள்ளன. அவற்றிலும் தலைவி பேசுகிறாள், ஏங்குகிறாள். காதலர் ஒருவரையொருவர் உடன்பிறந்தார் முறைப்பெயரால் அழைக்கும் வழக்கு ஆங்கு உண்டு. உன்னதப்பாட்டின் தலைவனும் மணமகளைச் 'சகோதரி' என்கின்றான். தமிழ் அகத்தில் இவ்விளி யாண்டும் இல்லை. மைக்கேல் பாக்ஸ் 1985-இல் வெளியிட்ட நூல் இவ்வெகிப்திய ஒப்புமையை விரிவாக ஆய்ந்துள்ளது.

தமிழிலக்கணம் கொண்டு நோக்கின் வேற்றுமை மேலும் தெளிவுறும். அன்பின் ஐந்திணையில் தலைமக்கள் இயற்பெயர் சுட்டப்பெறார் என்பது தொல்காப்பிய மரபு. ஆதிமந்தியும் வெள்ளிவீதியும் அகநானூற்றில் உவமையாய் வருவரேயன்றிக் கிளவித் தலைவியராய் வாரார். உன்னதப்பாட்டிலோ சாலமோன் பெயர் பலகால் வருகின்றது. தலைவியும் சூலமித்தி எனப்படுகின்றாள். எருசலேம் மகளிர் தலைவியின் மொழி கேட்டு வினவும் குழுவினர். நம் தோழியோ அறத்தொடு நிற்பவள், வரைவு கடாவுபவள், களவைக் கற்பாக்குபவள். முல்லைக்கு இருத்தல், நெய்தற்கு இரங்கல் என நிலத்தையும் ஒழுக்கத்தையும் பிணிக்கும் திணைநெறியும் ஆங்கு இல்லை. பெண் பேசுகிறாள், மலர் மலர்கிறது என்னும் அளவில் அகம் ஆகிவிடின் உலகக் காதற்பாட்டெல்லாம் அகமேயாம்!

அங்ஙனமாயின் ஒப்பீடு வீண்முயற்சியோ எனின், அன்று. ராபின் தோன்றுமிடத்து ஒப்புமை தேடினார். யாம் பொருள் கொண்ட இடத்துத் தேடுக என்போம். யூதர் உன்னதப்பாட்டை இறைவனுக்கும் இசுரவேலர்க்கும் இடைப்பட்ட காதலாகக் கொண்டனர். பாஸ்கா விழாவில் ஓதினர். ராஷி (1040–1105) என்னும் உரையாசிரியர், கணவனைப் பிரிந்து ஏங்கும் மனைவியின் கூற்றாகச் சொற்பொருளையும் காத்தார். அதனூடே சமயப்பொருளையும் விரித்தார். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் திருவிருத்தத்திற்கு உரை கண்ட வைணவப் பெரியோர் அந்நியாபதேசம், சுவாபதேசம் என இரு பொருள் வகுத்தனர். இருசாராரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் காதற்பொருளைச் சிதைக்காமல் கடவுட்பொருள் காணும் இடர்ப்பாட்டை இருவரும் எதிர்கொண்டனர்.

வேற்றுமையும் இங்கேதான் பயனுடைத்து. எபிரேய மரபில் காதற்பாட்டைச் சமயமாக்கியவர் உரைகாரர். தமிழில் அப்பணியைப் புலவரே தொடங்கிவிட்டனர். ஆழ்வார் தாமே தலைவியாகித் திருமாலைக் காதலித்தார். திருக்கோவையாரிலோ தில்லைக் கூத்தன் பாட்டுடைத் தலைவனாக நிற்ப, கிளவித் தலைவன் வேறாக நிற்கின்றான். ஒரே அகமரபு சமயத்துட் புக்க இவ்விரு வழிகளுள் உன்னதப்பாட்டின் உரைமரபு எதனை ஒத்தது, எங்கே விலகியது என்பது ஆராயத்தக்கது.

கடன் கொடுத்தோம் என்னும் பெருமைக்காக ஒப்பிடின், கடன் பொய்த்த அன்றே ஒப்பீடும் வீழும். பொருள்கொள் முறையை ஒப்பிடின் அவ்வச்சம் இல்லை. யூத சமய வரலாறும் இந்திய சமய வரலாறும் பல்கலைக்கழகத்தில் ஒருங்கே பயிலப்படின், எபிரேய உரைகளை மூலத்திற் கற்ற தமிழ் மாணவரும் ஈட்டுரையைத் தமிழிற் கற்ற எபிரேய மாணவரும் ஓரிடத்து அமர்தல் வேண்டும். ராபின் திறந்த வாயில் அது. அவர் முடிபை மறுப்பார்க்கும் அவ்வாயிலே வழி.