சிறுசேரி: நாலு குறிப்பு, ஒரே ஊர்

சிறுசேரி பற்றித் தேடினால் இரண்டு மூன்று வரி கிடைக்கும். சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஊர். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா இதை நம்பி அங்கே வீடு வாங்கப் போகிறவருக்கு இது போதுமா?

இணையத்தில் உள்ள குறுங்குறிப்புகளின் குறை, சுருக்கமாக இருப்பது இல்லை. பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துச் சொல்லாததுதான்.

முதலில் பக்கிங்ஹாம் கால்வாய். சிறுசேரிப் பக்கம் சாலைக்குக் கிழக்கே ஓடுகிறது. இதன் நீளம் ஓரிடத்தில் 796 கி.மீ. என்றும், இன்னோரிடத்தில் சுமார் 420 என்றும் இருக்கும். காக்கிநாடாவிலிருந்து கோதாவரி, கிருஷ்ணா கழிமுகக் கால்வாய்களையும் சேர்த்தால் பெரிய எண். ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை மட்டும் என்றால் சின்ன எண். எங்கிருந்து எதுவரை என்று சொல்லாத நீளத்தால் யாருக்கு என்ன பயன்? நன்னீர்க் கால்வாய் என்று எழுதுவோரும் உண்டு. முட்டுக்காட்டுப் பக்கம் போய்ப் பாருங்க, கடல் ஓதம் ஏறி இறங்குகிற உப்புத் தண்ணி.

1806இல் வெட்டத் தொடங்கியது, 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீண்டது, அன்றைய ஆளுநரின் பெயர் வந்தது என்பதெல்லாம் குறிப்புகளில் இருக்கும். இன்றைக்கு அது செய்கிற வேலைதான் விட்டுப்போகும். பள்ளிக்கரணைச் சதுப்பில் மிஞ்சுகிற நீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் இறங்கி, தெற்கே வந்து, முட்டுக்காட்டில் கடல் சேருகிறது. அந்த வழி தூர்ந்தாலோ குறுகினாலோ, தண்ணி குடியிருப்புகளுக்குள்தான் வரும். 2015 டிசம்பரில் இந்தச் சாலையோரப் பகுதிகள் பல மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். வீடு வாங்குபவர் படிக்க வேண்டிய வரி இதுதான்.

அடுத்தது சென்னைக் கணிதவியல் கழகம். "நிகர்நிலைப் பல்கலைக்கழகம், சிறுசேரி" என்று முடித்துவிடுவார்கள். 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பிரிவாகத் தொடங்கியது. 1998இல் இளநிலைப் படிப்பு ஆரம்பித்தபோது பட்டம் தந்தது போபாலின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். சிறுசேரிக்கு வந்தது 2005இல்; நிகர்நிலைத் தகுதி 2006இல். உலகத் தரமான ஆய்வாளர்கள் இருந்தும் சொந்தமாகப் பட்டம் தர எட்டு வருஷம் ஆனது. நம்ம உயர்கல்வி அமைப்பைப் பற்றி இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கடைசியாக, அதை நிறுவிய சி. எஸ். சேஷாத்ரி (1932–2020). 1965இல் எம். எஸ். நரசிம்மனோடு சேர்ந்து நிறுவிய தேற்றம், ராயல் சொசைட்டி உறுப்பினர், 2009இல் பத்மபூஷண் என்று விருதுப் பட்டியல் ஒழுங்காக இருக்கும். பிறந்தது காஞ்சிபுரம், வளர்ந்தது செங்கல்பட்டு என்பது இருந்தாலும் ஒரு மூலையில் இருக்கும். 2019இல் பிரிந்த புதிய மாவட்டக் கணக்கில், அவர் வளர்ந்த ஊரும் அவர் நிறுவிய கழகமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். சிறுசேரி பற்றிய குறிப்பில் அவர் பெயரைத் தேடினால்தான் கிடைக்காது.

பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்துக்குத் தாள் கணக்கு இருந்தது. இணையத்துக்கு அந்தச் சாக்கு இல்லை.

நானே எழுதினால் இப்படி எழுதுவேன்: "சிறுசேரி: செங்கல்பட்டு மாவட்ட ஊர். மேற்கே சிப்காட் பூங்காவும், சேஷாத்ரி நிறுவிய கணிதவியல் கழகமும். கிழக்கே, தென்சென்னையின் வெள்ளநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பக்கிங்ஹாம் கால்வாய்." இதுவும் மூணே வாக்கியம்தான்.