பதுளைக் கூரையில் ஒரு டயமண்ட் எக்ஸ்-50

அமெச்சூர் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்தவர் முதலில் வாங்குவது 5 வொட் கைக்கருவி. பதுளை டவுனுக்குள் அது போதும். ஹாலிஎலப் பக்கம் போனதும் பேச்சை விட இரைச்சல்தான் கூடக் கேட்கும். அப்போதுதான் கூரைக்கு மேலே நிரந்தரமாக ஒரு செங்குத்து அன்டெனா நிறுத்தினால் என்ன என்று யோசனை வரும். நான் ஏற்றியது ஜப்பானின் டயமண்ட் எக்ஸ்-50.

நீளம் 1.7 மீட்டர், எடை ஒரு கிலோவுக்குக் கிட்ட. வெள்ளைக் கண்ணாடியிழைக் குழாய், அடியில் சுற்றிவர மூன்று கம்பிகள். 144, 430 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளிலும் வேலை செய்யும். ஆதாயம் முதலாவதில் 4.5 டிபிஐ, இரண்டாவதில் 7.2. இதே நிறுவனத்தின் எக்ஸ்-510 என்ற மூத்த அண்ணன் 5.2 மீட்டர் நீளம், ஆதாயம் 8.3, 11.7. பட்டியலைப் பார்ப்பவர் கை நேராக அங்கேதான் போகும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வீடென்றால் நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இங்கே வேண்டாம். அன்டெனா தானாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் வீணாகப் போவதை அழுத்தி அடிவானத்தை நோக்கித் தள்ளுகிறது, அந்தக் கணக்குத்தான் ஆதாயம். ரொட்டி மாவை அழுத்த அழுத்த அகலம் கூடித் தடிப்பு குறைவதைப் போல, ஆதாயம் கூடக் கூட அலை தட்டையாகிவிடும். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில், ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கிறது. விளிம்பில் நிற்கும் நமுனுகுல 2,036 மீட்டர், நாரங்கலை 1,500 மீட்டருக்குச் சற்று மேல். நாம் பேச விரும்பும் ஆள் மலைச்சரிவில் இருக்கும் தோட்டத்தில் நின்றால், 5 மீட்டர் அன்டெனாவின் தட்டை அலை, முக்கியமாக 430இல், அவர் காலடிக்குக் கீழே போய்விடும். குட்டை அன்டெனாவின் அலை தடிப்பானது, மேட்டில் நிற்பவரையும் தொடும். மலைநாட்டுக்கு எக்ஸ்-50 பொருந்துவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் காற்று. ஆனி, ஆடி, ஆவணியில், ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் ஏறும் காலத்தில், மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் வறண்ட காற்று இந்தப் பக்கத்துக் கணவாய்களில் எப்படி வீசும் என்று தோட்டத்தில் தகரம் பறக்கக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 5 மீட்டர் குழாய்க்கு மூன்று பக்கமும் இழுவைக் கம்பி கட்டியே ஆக வேண்டும். 1.7 மீட்டருக்குச் சுவரில் இரண்டு பிராக்கெட் போதும்.

பொருத்துகிற வேலைக்கு வருவோம். ஒன்றேகால் அங்குல ஜீஐ பைப் எடுத்தால் வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர். பெட்டியோடு வரும் கிளாம்ப் 30 முதல் 62 வரை பிடிக்கும், ஆகவே உள்ளூர் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் இந்தப் பைப் சரிவரும். பைப்பைக் கூரைத் தகரத்தில் பிடிக்காதீர்கள். முகப்புச் சுவரிலோ தண்ணீர்த் தாங்கியின் கொங்கிரீட் தூணிலோ பிடியுங்கள். தகரத்துக்கு மேலே குறைந்தது 2 மீட்டராவது அன்டெனா எழும்பி நிற்க வேண்டும். அது 145 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைநீளம். அதை விடப் பதிந்து நின்றால் தகரமும் அன்டெனாவின் ஒரு பாகமாகி அலையைக் குழப்பும். லயத்தின் நீளத் தகரக் கூரை என்றால் இந்த 2 மீட்டரை ஒரு சாண்கூடக் குறைக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த விசயம், இணைப்புச் சொக்கெட் அடிக்குழாயின் உள்ளே ஒளிந்திருப்பது. கேபிளைக் குழாய் வழியாக நுழைத்து, பிஎல்-259 முனையை மேலே திருகிவிட்டு, பிறகு குழாயை ஏற்றிப் பூட்ட வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு செய்தால் கழுத்து வலிக்கும், கீழே நிலத்தில் வைத்தே செய்து முடியுங்கள். ஆனால் நவம்பர் மழையில் அந்த முனை நனையாது. மலைநாட்டில் அன்டெனாவைக் கொல்வது மின்னலை விட முனைக்குள் கசியும் தண்ணீர்தான். நீட்டி இழுத்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கும், மற்ற இணைப்புகளில் அதைச் சுற்றுங்கள். சுவருக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு தொங்கலாகக் கீழே வளைத்து விட்டால் வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

வேலை நடக்கும்போது பக்கத்து வீட்டுத் தம்பி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்னாண்ணே, டீவிக்கா?” என்றான். ரூபவாஹினி காலத்து மீன்முள் அன்டெனாவைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு வெள்ளைக் குழாய் விளங்காதுதான். இதில் சட்ட விசயமும் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலிக் கருவியை வைத்திருக்கவோ இயக்கவோ முடியாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி எடுத்த பிறகே இந்தச் செலவெல்லாம்.

செலவு என்றதும் கேபிள். கடைக்காரர் ஆர்ஜி-58 என்ற மெல்லியதைத்தான் முதலில் நீட்டுவார். 15 மீட்டர் ஓட்டத்தில், 145 மெகாஹெர்ட்ஸில், அது சக்தியில் பாதியைத் தின்றுவிடும். 25 வொட் அனுப்பினால் உச்சிக்குப் போவது பன்னிரண்டு சொச்சம். 430இல் கால்வாசி மிஞ்சினால் பெரிது. விரல் தடிப்பான ஆர்ஜி-213 அதே தூரத்துக்கு 18 வொட்டுக்கு மேல் கொண்டு சேர்க்கும். எக்ஸ்-50 வாங்கி ஆர்ஜி-58 போட்டாலும், அரை மீட்டர் பித்தளைக் கம்பியைச் சொக்கெட்டில் பற்றவைத்து, நான்கு கம்பிகளைக் கீழ்நோக்கிச் சரித்துவிட்ட வீட்டு அன்டெனாவுக்கு நல்ல கேபிள் போட்டாலும் 145இல் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கேபிளுக்குப் போடுங்கள்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் ஆகாது. தோட்டங்களில் கரண்ட் கம்பிகள் தாழ்வாகத் தொய்ந்து போகும் இடங்கள் அதிகம். பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும், பைப்பும் அன்டெனாவும் சேர்ந்த உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். செம்பு பூசிய எர்த் கம்பியை நிலத்தில் அடித்து, பைப்பைத் தடித்த கம்பியால் அதோடு இணையுங்கள், கேபிள் வீட்டுக்குள் வருமிடத்தில் மின்னல் தடுப்பான் ஒன்றும் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்குமுன் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவதுதான் எல்லாவற்றையும் விட நம்பிக்கையானது.

இனிப் பலன். நிற்கும் அலை விகிதம் 145இல் 1.5க்குக் கீழே, அதாவது திரும்பி வரும் சக்தி 4 சதவீதத்துக்குள். ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்திலிருந்து கைக்கருவியில் பேசுபவர் இரைச்சலில்லாமல் வருகிறார். பசறை வீதியில் மலைமுதுகைத் தாண்டியதும் காணாமல் போகிறார். அதற்கு எந்தச் செங்குத்து அன்டெனாவும் மருந்தில்லை. இதே அன்டெனாவை ஏறத்தாழ 1,430 மீட்டர் உயர ஹப்புத்தளை விளிம்பில் நிறுத்தினால் கதை வேறு. தெற்கே சமவெளி, அதற்கப்பால் கடல். கணக்குப்படி வானொலி அடிவானம் 150 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே கைக்கருவியின் குட்டை வால் கூடப் பதுளைக் கூரையை வெல்லும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு மட்டுமா என்றால், 2004 ஆழிப்பேரலையின்போது தொலைபேசிகள் செத்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுபோனவர்களில் இலங்கை வானொலிச் சங்கத்தினரும் உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதையும், 2025 நவம்பரில் டித்வா புயலில் இந்த மாவட்டம் பட்ட பாட்டையும் கண்ட பிறகு, கரண்டும் தொலைபேசிக் கோபுரமும் இல்லாமல் பேசும் வழி ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. கார் பற்றரி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்படியொரு நாளில் பதுளைக் கிண்ணத்திலிருந்து கொழும்போடு பேச எக்ஸ்-50 உதவாது. அதற்கு 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், அன்டெனாவும் செங்குத்தாக இருக்கக் கூடாது. பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு கம்பிகளை மரங்களுக்கிடையே கிடையாகக் கட்டினால், அலை நேரே வானத்துக்கு ஏறி, பகலில் அங்கிருந்து தீவு முழுக்க இறங்கும். நமுனுகுலவும் தடுக்காது, நாரங்கலையும் தடுக்காது. கம்பிக்குச் செலவு கொஞ்சம். கருவிக்குத்தான் எக்ஸ்-50 போலப் பல மடங்கு சல்லி எண்ண வேண்டும். மலைமுதுகில் வீடுள்ளவர் எக்ஸ்-50ஐத் தயங்காமல் வாங்கலாம். பள்ளத்தில் இருப்பவர் ஊருக்குள் பேசினால் போதுமா, கொழும்பும் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போகட்டும்.