கம்பைலர் கண்டிப்பாக இருக்கட்டும்

அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். போன ஞாயிறு மடிகணினியோடு வெள்ளவத்தையிலிருந்து கொலன்னாவைக்கு வந்துவிட்டாள். "டியூட்டில இருக்கிற மாதிரியேதான் மாமா அடிச்சனான். சிநேகிதிக்கு ஓடுது, எனக்கு மட்டும் எரர் வருது."

இருவரிடமும் இருப்பது ஜிசிசி கம்பைலர்தான். சிநேகிதியின் உபுண்டு 24.04இல் 13ஆம் பதிப்பு. இவளுடைய டெபியன் 13இல் 14ஆம் பதிப்பு. சண்டை அந்த ஓர் எண்ணில். உபுண்டு 24.04இல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவலாம் என்பதால், என் கணினியில் இரண்டையும் போட்டு மூன்று சிறு நிரல்களைக் கொடுத்துப் பார்த்தேன்.

முதலாவது, அவளுடைய டியூட் நிரல். 'இன்ட்' இல்லாமல் வெறும் 'மெயின்' என்று தொடங்குகிறது. கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகக் காலத்துப் பழக்கம் அது. 1999இல் வந்த சி மொழித் தரம் அதை நீக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி கால் நூற்றாண்டு பொறுத்துப்போனது. 13 ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறது. 2024 மே மாதம் வெளியான 14 பிழை என்று நிறுத்திவிடுகிறது.

இரண்டாவதில் 'பிரிண்ட்எஃப்' என்பதை வேண்டுமென்றே எழுத்து மாற்றி அடித்தேன். 13 முணுமுணுத்துவிட்டு லிங்கரிடம் தள்ளிவிட, அங்கே விளங்காத ஒரு வசனத்தோடு வேலை நின்றது. 14 அந்த வரியிலேயே பிடித்து, சரியான பெயர் இதுவா என்றும் கேட்டது. புதிதாகப் படிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

மூன்றாவதில் இரண்டுமே சறுக்கின. 'இஃப்' அடைப்புக்குள் == போடவேண்டிய இடத்தில் = போட்டேன். எந்தப் பதிப்பும் வாய் திறக்கவில்லை. நிரல் ஓடி, பிழையான விடை தந்தது. கட்டளையில் '-டபிள்யூஆல்' சேர்த்த பிறகுதான் இரண்டும் எச்சரித்தன. பதிப்பு எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பிழை தப்பிவிடும்.

14க்குப் போனால் பழைய டியூட்கள் வீணா? இல்லை. கம்பைலரின் பதிப்பு வேறு, மொழியின் தரம் வேறு. 'எஸ்டிடி' தெரிவில் சி89 என்று கொடுத்தால் 14உம் அந்த 'மெயின்'ஐ ஏற்றுக்கொள்ளும். 2025இல் வந்த 15ஆம் பதிப்போ ஒன்றும் சொல்லாவிட்டால் சி23 தரத்தை எடுத்துக்கொள்ளும். அங்கே 'பூல்' மொழியின் சொந்தச் சொல். அதே பெயரில் சொந்தமாக ஒரு வகை அமைத்த பழைய நிரல்கள் இடறும். ஆகவே தரத்தை நாமே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

மெக் வைத்திருப்போர் முனையத்தில் 'ஜிசிசி' என்று அடித்தாலும் உள்ளே வேலைசெய்வது கிளாங். பாடத்துக்கு அது தாராளமாகப் போதும். நீலத் திரை டர்போ சி மட்டும் வேண்டாம். அதில் முழு எண் இரண்டு பைட். 32,767ஐத் தாண்டினால் கணக்குப் பிசகும். அதன் 'கோனியோ' தலைப்புக் கோப்பும் லினக்ஸில் கிடையாது.

தீர்ப்பு: விலை இல்லை, டேட்டா செலவு மட்டும். உங்கள் லினக்ஸ் தானாகத் தரும் ஜிசிசியே போதும். பதிப்பைத் தேடி அலையவேண்டாம். தெரிவு செய்ய வாய்ப்பு இருந்தால் 14. எதுவானாலும் சி17 தரம், '-டபிள்யூஆல்', '-டபிள்யூஎக்ஸ்ட்ரா' மூன்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து அடியுங்கள். மருமகள் 'மெயின்'க்கு முன்னால் 'இன்ட்' போட்டாள், நிரல் ஓடியது. சிநேகிதியையும் போடச் சொல்லியிருக்கிறேன்.