துரை வண்டி

பம்பரின் நடுவில் உள்ள துளைக்குள் கைப்பிடியை விட்டு, பல் கவ்வும்வரை மெல்லத் திருப்ப வேண்டும். கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது விரல் போய்விடும். பிறகு கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. முதல் இழுப்பில் ஒரு பெருமூச்சு. இரண்டாவதில் ஒரு செருமல். மூன்றாவது இழுப்பில், பதினோரு வருடம் செம்பனை மரத்தடியில் ஊமையாகக் கிடந்த எஞ்சின் எங்கள் வீட்டு வாசலில் பேச ஆரம்பித்தது! பேட்டரியே மாட்டவில்லை, காயிலுக்கு மின்சாரம் தர ஒரு மோட்டார்சைக்கிள் பேட்டரி மட்டும் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. என் மகன் கத்தினான். எதிர்வீட்டு மக்சிக் துடைப்பத்தோடு வெளியே ஓடி வந்தார். நான் கைப்பிடியைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன்.

1967ஆம் வருடத்து லேண்ட் ரோவர், சீரிஸ் 2ஏ, 88 அங்குல குட்டை வண்டி. இரண்டு விளக்குகளும் மட்கார்டுக்குப் போகாமல் மூக்கின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய முகம். உலகத்தில் இதைவிட அழகான வண்டி கிடையாது. யாரோடு வேண்டுமானாலும் இதற்காகச் சண்டைக்கு நிற்பேன்.

ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். விடிகாலைப் பெரட்டு முடிந்து வெளிச்சம் வரும் நேரத்தில் செம்மண் சடக்கில் புழுதி எழும்பும். பெரிய துரையின் வண்டி வருகிறது என்று அர்த்தம். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் பின்னாலேயே ஓடுவோம். ஏறியது கிடையாது. தொட்டதுகூடக் கிடையாது. அந்தப் பற்சக்கர ஊளைச் சத்தம், பெட்ரோலும் சூடான கிரீசும் கலந்த அந்த வாசனை, இரண்டும் நாற்பது வருடமாக என்னை விடவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, நாங்கள் புஞ்சாக் ஆலாம் தாமானுக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் விடவில்லை.

நான் வாங்கியது அதே வண்டி இல்லை, அதன் உடன்பிறப்பு. பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், பழைய பால் ஸ்டோருக்குப் பின்னால் கொடி மூடிக் கிடந்தது. கதவைத் திறந்தால் உள்ளே பன்னம் முளைத்திருந்தது. கிரான், அதாவது வண்டியின் பதிவுச் சான்று, மட்டும் பத்திரமாக இருந்தது. அது இல்லாவிட்டால் இங்கே எந்தப் பழைய வண்டியும் வெறும் இரும்புதான். சேசியில் பொறித்த எண் கிரானில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு இலக்கமும் ஒத்துப்போனது. அங்கேயே பணத்தைக் கொடுத்தேன்.

எங்கள் தோட்டத்துப் பட்டறையில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் உண்டு. எழுபத்தெட்டு வயது. வண்டியை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்த அன்றே வந்துவிட்டார். கையில் ஒரு சின்ன சுத்தியல்.

"தட்டிப் பாரு தம்பி. மணி மாதிரி கேட்டா நல்ல இரும்பு. பால் டின் மாதிரி கேட்டா துரு தின்னுடுச்சுன்னு அர்த்தம்."

சேசி முழுக்க ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனோம். மணி, மணி, மணி, டின். டின் சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டோம். பின்பக்கத்துக் குறுக்குச் சட்டமும், இரண்டு பக்கக் கைச்சட்டங்களும் போய்விட்டிருந்தன. ஓட்டுநர் காலடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆனால் முதுகெலும்பான இரண்டு நீளச் சட்டங்களும் கோயில் மணி மாதிரி ஒலித்தன! அந்தச் சாயங்காலம் நான் அடைந்த சந்தோஷத்தைக் கல்யாண நாளோடுதான் ஒப்பிட வேண்டும்.

உடம்பு விஷயத்தில்தான் இந்த வண்டியின் முழு மகிமையும் இருக்கிறது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்கு ரேஷன். 1947இல் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் தேசத்து ஆங்கிள்சி தீவில் ரெட் வார்ஃப் பே கடற்கரை மணலில் இந்த வண்டியின் உருவத்தை வரைந்து காட்டினார் என்பது லேண்ட் ரோவர்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியே வந்தது. எஃகு கிடைக்காததால் உடம்புக்கு பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு போட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு இருந்த தட்டுப்பாடு, கோலசிலாங்கூர் மழையில் என் வண்டியைக் காப்பாற்றியது! கொடியையும் பாசியையும் அழுத்தித் தேய்த்துக் கழுவினேன். அடியில் மட்கார்டு முழுசாக இருந்தது, ஒரு பொட்டுத் துரு இல்லை. எங்கெல்லாம் அலுமினியமும் எஃகும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவோ அங்கே மட்டும் வெள்ளை மாவாக அரித்திருந்தது. ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அதில் அலுமினியம் கரையும். அதனால் திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் பட்டை வைத்தோம்.

ஜெராம் போகும் வழியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் தவுக்கேயிடம் கிழிந்த இடங்களைக் கொடுத்தேன். எங்களைப் போலவே தோட்டத்துத் தமிழ் பேசுவார். ஆர்கன் வெல்டிங்கில் அவர் போட்ட தையலைப் பார்க்க வேண்டும், அடுக்கி வைத்த காசு மாதிரி இருக்கும். பெயின்ட் அடித்து அதை மறைக்க எனக்கு மனமே வரவில்லை. சக்கரத்துக்கு மேலே இருந்த ஒரு பழைய நசுங்கலையும் தட்டி எடுக்க விடவில்லை. ஏதோ ஒரு செம்பனைக் குலை விழுந்த அடையாளம் அது. இருக்கட்டும்.

எஞ்சின் 2286 சிசி, நாலு சிலிண்டர். மகன் பள்ளிக்கூட விடுமுறையில் தனியாகவே தலையைக் கழற்றினான். மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் சேராது, எல்லாம் அங்குலக் கணக்கு. போர்மன் மாமா தன்னுடைய பழைய ஸ்பேனர் பெட்டியையே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். சிலிண்டரைப் போரிங் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போட்டோம். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, வால்வு உட்காரும் இடத்தை அது காத்தது. இன்றைய ரோன் 95இல் அது இல்லை. ஆகவே எக்சாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான வளையம் பதித்தோம். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி வருகிறதா, காற்று போகிறதா? மூன்றும் இருந்தால் ஓடும். ஒரு மனிதனின் தலைக்குள் முழுசாக அடங்கிவிடுகிற எந்திரம் இது. பதினைந்து வயதுப் பையன் அதன் ஒவ்வொரு உறுப்பையும் கையில் எடுத்துத் துடைத்துப் பெயர் சொல்லி அடுக்கினான் என்றால், இதற்கு மேல் என்ன வேண்டும்!

ஈசுசு 4ஜேபி1 டீசல் எஞ்சினைப் போடச் சொல்லிப் பலர் அன்போடு சொன்னார்கள். நல்ல எஞ்சின், இந்த நாட்டில் எத்தனையோ லேண்ட் ரோவர்களை அது வாழவைத்திருக்கிறது. எனக்கு அந்தப் பழைய சத்தம்தான் வேண்டும். அதற்காகத்தானே இத்தனையும்.

கியர்பெட்டியைப் பற்றி எழுத ஒரு புத்தகம் வேண்டும். முதல், இரண்டாம் கியர்களுக்கு சிங்க்ரோமெஷ் இல்லை. கிளச்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, விட்டு, வேகத்தைக் காதால் அளந்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். சரியாக விழுந்தால் வெண்ணெயில் கத்தி. மஞ்சள் தலைக் குச்சியை அமுக்கினால் நாலு சக்கரமும் இழுக்கும். சிவப்புத் தலைக் குச்சியைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து பலம் பெருகும். அந்தக் கியரில் இது சுவரில்கூட ஏறும் என்று நம்பத் தோன்றும். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்னமரம் தோட்டத்துப் பக்கம் முதல் சோதனை ஓட்டம். பெயரைப் பாருங்கள், தமிழ்ப் பெயர்! 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட மண் அது. லோரிகள் உழுதுபோட்ட சேற்றுத் தடத்தில் சிவப்புக் குச்சியை இழுத்தேன். சக்கரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு எருமை கரையேறுவது போல நிதானமாக ஏறி வந்துவிட்டது. மாமா பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டாவது கியர்ல ஒரு பேரிங் பாடுது" என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தோம். பாடியது உண்மைதான்.

இந்த வண்டியை நெடும்பயணத்துக்கு நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே ஒரு வண்டியைத்தான் காட்டுவேன். 1955 செப்டம்பர் 1இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். பர்மாவின் காட்டுச் சாலைகளைக் கடந்து, சயாமில் இறங்கி, நம் மலாயா வழியாக 1956 மார்ச் 6இல் சிங்கப்பூரை எட்டினார்கள். அதில் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயரிட்ட வண்டி, எஸ்என்எக்ஸ் 891, பிற்பாடு செயின்ட் ஹெலினா தீவில் பல பத்தாண்டுகள் சீரழிந்து கிடந்தது. அதை மீட்டு, பழுது பார்த்து, 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து திரும்பக் கிளப்பினார்கள். டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. முதல் பயணத்தில் போன டிம் ஸ்லெசர் 87 வயதில் மறுபடி ஏறத் தயாராக இருந்தார். உடல்நலம் இடம் கொடுக்காததால் பேரன் ஏறினான். மகனுக்கு இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பேன்.

நாங்கள் லண்டன் போகவில்லை. நாங்கள் போக நினைத்தது சயாம், பர்மா எல்லையில் உள்ள மூன்று பகோடா கணவாய்.

என் பாட்டியின் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் அந்த வழியாகத்தான் போனார். "கம்பிச்சடக்கு போடன்னு லோரியில ஏத்துனாங்க. மூனு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைந்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களைப்போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள், அதில் நம் தோட்டத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை இளவயதில் படித்த நாளிலிருந்து அங்கே போக வேண்டும் என்று இருந்தது. விமானத்தில் போக மனம் ஒப்பவில்லை. சடக்கு வழியாகவே போக வேண்டும், தோட்டத்து வண்டியில்.

தயாரிப்பு எளிது. உடைவதற்குப் பேர்போன பின் ஆக்சில் ஷாஃப்ட் ஒன்று கூடுதலாக, ஃபேன் பெல்ட் இரண்டு, தண்ணீர் பம்பு ஒன்று, ரேடியேட்டர் குழாய்கள், கிரீஸ், அங்குல ஸ்பேனர்கள். பிரேக் குழாய்கள் எல்லாம் செம்பு நிக்கலில் புதிதாகப் போட்டோம். சேசியின் உட்புறம் மெழுகு பாய்ச்சினோம். மனைவி பின்பக்கத்துக்குத் தைத்த பச்சைக் கித்தான் கூரை கடையில் விற்பதைவிட நேர்த்தி. ஏர்கண்டிஷன்? கண்ணாடிக்குக் கீழே இரண்டு நீளமான மூடிகள் உண்டு. திறந்தால் வயல்காற்று நேரே நெஞ்சில் வந்து விழும். அதற்கு ஈடு எந்தக் காரிலும் இல்லை!

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். எண்பது கிலோமீட்டர் வேகம், அதற்கு மேல் அழுத்துவதில்லை. அந்த வேகத்தில்தான் நாடு கண்ணுக்குத் தெரிகிறது: புக்கிட் மேராவின் ஏரி, கெடாவின் நெல்வயல், புக்கிட் காயு ஹித்தாம். எல்லை தாண்டி ஹட்ஜாய், சும்போன், காஞ்சனபுரி. ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் தாய்லாந்துக்காரர்கள் கூடி நின்று பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். மொழியே தேவைப்படவில்லை, விரலை நீட்டினால் போதும், எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. பட்டலுங் அருகே ரேடியேட்டர் குழாய் ஒன்று கசிந்தது. மகன் இருபது நிமிடத்தில் மாற்றினான்.

காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் வராராம் கோயிலில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நட்ட நடுகல் இருக்கிறது. அங்கே பாட்டியின் படத்தை வைத்துச் சூடம் ஏற்றினோம். பிறகு 323ஆம் எண் சாலை. இப்போது ரயில் நாம் தோக்கோடு நின்றுவிடுகிறது. கம்பிச்சடக்கு முடிந்த இடத்துக்கு அப்பாலும் எங்கள் வண்டி போனது. சங்க்லாபுரி மலையேற்றத்தில் இரண்டாவது கியர் பாடவே இல்லை. மாமாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்தேன். ரொம்ப நேரம் கேட்டார். "நல்லா இருக்கு, போ" என்றார்.

கணவாயில் மூன்று சின்ன வெள்ளைக் கோபுரங்கள். சாயங்கால வெயில். எஞ்சினை நிறுத்தியதும் சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறத் தொடங்கியது. நான் கோபுரங்களைப் பார்த்தபடி நின்றேன். யாரும் சொல்லாமலே மகன் பானெட்டைத் தூக்கி, எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அரை லிட்டர் ஊத்தணும்ப்பா" என்றான்.