புகைவண்டியும் புலவன் கண்ணும்

நாடு காணப் புறப்படுவோர் தொகை நாளுக்கு நாள் பெருகுகிறது. வரவேற்கிறோம். ஊர்விட்டு ஊர் சென்று உலகறியாதவன் உள்ளம் கிணற்றுத் தவளையாகிவிடும். ஆனால், போய்வந்தோர் எழுதிக் குவிக்கும் பயணக் கட்டுரைகளைப் படிக்கும்போதுதான் நமக்கு ஐயம் எழுகிறது: இவர்கள் கண்டது நாட்டையா, நிலையத்துப் பெயர்ப் பலகைகளையா?

தூத்துக்குடி பற்றிய கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவை. எழும்பூரில் முத்துநகர் விரைவு வண்டியில் ஏறினோம், படுத்தோம், விடிந்தது, தூத்துக்குடி வந்தது. மக்ரூன் தின்றோம், பனிமய மாதா கோயிலைப் பார்த்தோம், திருச்செந்தூர் சென்று தரிசனம் முடித்தோம், திரும்பினோம். முற்றும்! இடையே கிடந்த நாடு எங்கே? உப்பளத்தில் வெந்த பாதம் எங்கே? கடலடியில் மூச்சடக்கிய மார்பு எங்கே? உறங்கியபடி கடந்த நாட்டைக் கண்டதாக எழுதுவதற்கு இலக்கியம் என்று பெயர் சூட்டலாமா?

இந்த நோய் இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, இலங்கை செல்லும் பயணி இங்கேதான் வண்டியை விட்டிறங்கிக் கொழும்புக்குக் கப்பலேறினான். அந்நாளைய தென்னிந்திய இரயில்வே, படங்கள் நிறைந்த ஆங்கில வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. எங்கே தங்கலாம், எவ்வண்டி கிடைக்கும், எக்கோயில் காணத்தக்கது என்று ஊர் ஊராக அடுக்கிய நூல். அதன் ஒழுங்கை நாம் குறை கூறோம். ஆனால், வெள்ளையருக்கு எந்த விடுதி, பார்ப்பனருக்கு எந்தச் சத்திரம் என்று அது எழுதிச் செல்லும் அமைதி இருக்கிறதே, அதுதான் நம்மைச் சுடுகிறது. வழக்கத்தைக் குறித்தது, ஏன் என்று கேட்கவில்லை. வழிகாட்டி நூல் கேட்காதது வியப்பன்று. அதை வழிமொழிந்த எழுத்தாளரும் கேட்கவில்லையே!

ஒரே இயந்திரம் எல்லாரையும் இழுத்தது. ஒரே தண்டவாளம் எல்லாரையும் தாங்கியது. இரும்புக்குச் சாதி தெரியவில்லை. இறங்கிச் சோற்றுக்குச் சென்றாலோ, நிலையத்து உணவு விடுதியிலே பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம்! பெரியாரின் இயக்கம் நடத்திய கிளர்ச்சியின் விளைவாக 1941இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. மலையழகையும் மாலை வெயிலையும் பாடிய எந்தப் பயணக் கட்டுரையும் அதை ஒழிக்கவில்லை.

இன்னொன்று கேளுங்கள். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் பிரியும் பாதையில் தட்டப்பாறை என்று ஒரு சிறு நிலையம் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் மக்களை, நோய் பரவும் என்று அஞ்சி அடைத்துவைத்த முகாம் அங்கே இருந்தது. கொழும்புப் பயணத்தைச் சுவைபட எழுதும் சீமான்களுக்குக் கப்பலின் மேல்தளம் தெரிந்தது. அதே கப்பலுக்காக முகாமில் காத்துக்கிடந்த தமிழன் தெரியவில்லை.

"ஓய்வுக்காகச் சுற்றுபவனிடம் ஆராய்ச்சி கேட்பது முறையா?" என்பர் சிலர். சுற்றட்டும், யார் தடுத்தார்? ஆனால், அச்சிலேற்றி ஊருக்குப் படைக்கும்போது அது அவன் சொந்த ஓய்வு அன்று. படிப்பவன் அறிவுக்குப் பரிமாறும் உணவு. பதரைப் பரிமாறினால் பதரென்று சொல்லத்தான் வேண்டும்.

தமிழுக்குப் பயண இலக்கியம் புதிதன்று. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். 269 அடி. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்தில் நுளைமகள் தரும் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் எயினப் பெண்டிர் இடும் புளிச்சோறு, ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும் என்று வழியெல்லாம் மனிதரே நிற்கின்றனர். யார் எந்நிலத்தில் எத்தொழில் செய்து எதை உண்கின்றனர் என்பதே அங்கு வழியடையாளம். பாண்டியனின் கொற்கையைச் சொல்லவந்த இடத்திலும், புலவன் கண் அரசன் முடியில் நிற்கவில்லை. உப்பு வணிகரின் வண்டியோடு வந்த மந்தி, அவர் பிள்ளைகளோடு, சிப்பிக்குள் முத்தையிட்டுக் கிலுகிலுப்பை ஆடுவதைக் காண்கிறது. உப்பு, முத்து, உழைப்பவன் குழந்தை: இந்தக் கரையின் வாழ்வு முழுவதும் ஒரே காட்சியில்!

அந்நூலைக் குறையற்றதென்று கும்பிடச் சொல்லவில்லை நாம். பரிசில் வேண்டிப் பாடியது அது. நல்லியக்கோடன் புகழ்ச்சி அளவுக்கு மிஞ்சியதுதான். ஆயினும் பொருளுக்குப் பாடிய புலவனும் மக்களைக் கண்டான். பயணச்சீட்டைக் காசு கொடுத்து வாங்கி, எவர் தயவும் வேண்டாதவராய்ச் செல்லும் இன்றைய எழுத்தாளருக்குக் காண என்ன தடை?

காணவேண்டியவை இல்லாமலா போயின? வண்டிக்கு முத்துநகர் என்று பெயர். ஆனால் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. முத்தெடுத்த குடிகள் பின்னர் எதை எடுத்துப் பிழைத்தனர்? சங்கு குளிப்போரிடம் கேட்டால் தெரியும். துறைமுகத்துக்கு 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டினர், நன்று. 1906இல் கப்பல் கம்பெனி கண்டவர், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் துணைநின்றாரே, அதை எழுதியவர் எத்தனை பேர்? நாம் வீட்டில் இடும் உப்பை வெயிலில் வாரும் பெண்ணுக்கு நிழலுண்டா, கூலி போதுமா என்று கேட்டு எழுதியவர் எத்தனை பேர்?

இளைஞர்காள்! விடுமுறையில் வண்டியேறுங்கள். இயன்றால் பகலில் செல்லுங்கள். கோபுரத்தின் உயரத்தை அளந்து வருவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கூலியின் அளவைக் கேட்டு வருவதற்கு நீங்கள் செல்லுங்கள். சிறிய நிலையத்தில் இறங்குங்கள், பேசுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், பிறகு எழுதுங்கள். நத்தத்தனார் நடந்து கண்ட நாட்டை, நாம் விரைவு வண்டியில் சென்றும் காணாமல் திரும்புவோமானால், பழுது வண்டியில் இல்லை, பார்வையில்தான்!