மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

2005 ஜூலை 12 அன்று, அஸ்ஸாமில் நடைமுறையிலிருந்த 1983ஆம் ஆண்டின் சட்டவிரோதக் குடியேறிகள் (தீர்ப்பாயங்கள் மூலம் தீர்மானித்தல்) சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. வழக்குத் தொடுத்த சர்பானந்த சோனோவாலை அஸ்ஸாம் மாணவர் சங்கம் தேசிய நாயகராகக் கொண்டாடியது. 2016இல் அவர் அம்மாநிலத்தின் முதலமைச்சருமானார். மறுபுறம், சிறுபான்மையினரின் கவசம் பறிபோயிற்று என்ற குரல் எழுந்தது. அதே ஆண்டில் பத்ருத்தீன் அஜ்மல் தலைமையில் ஒரு புதிய கட்சியும் தோன்றியது. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதற்கு அப்பால் இரு தரப்பிலும் விவாதம் அதிகம் நகரவில்லை.

தீர்ப்பின் மையமோ வேறு. ஒருவர் அந்நியர் அல்லர் என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது 1946ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம், 9ஆம் பிரிவு. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றவில்லை. அது நீக்கப்பட்டதும் சுமை அவரிடமே திரும்பியது.

நீதிமன்றத்தின் வாதத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. பிறந்த இடம், பெற்றோர் யார் என்பன சம்பந்தப்பட்டவருக்கே நன்கு தெரிந்த செய்திகள். ஆகவே அவரே மெய்ப்பிக்கட்டும் என்றது அது. வெளி ஆக்கிரமிப்பிலிருந்து மாநிலங்களைக் காக்கும் கடமையைக் கூறும் அரசியலமைப்பின் 355ஆம் பிரிவையும் துணைக்கொண்டது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, தாளில் வைத்திருப்பது வேறு. பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகளில் வீட்டையே வெள்ளம் கொண்டுபோகிறது, பத்திரம் எம்மாத்திரம்? பள்ளி செல்லாது இளவயதில் மணமுடிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வாக்காளர் பட்டியலில் கணவரோடு சேர்த்தே முதன்முதலில் பதிவாகிறது. தான் இன்னாருடைய மகள் என்பதற்கு அவள் எதைக் காட்டுவாள்?

சான்று கொண்டுவருவது வாதியின் பொறுப்பு, மறுப்பவர் மீது சத்தியம் மட்டுமே என்பது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் நீதி விசாரணையின் வாயிலிலேயே நிறுத்திய விதி. உள்ள நிலையை மாற்றக் கோருபவரே வாதி. ஊரில் வாழ்ந்துவரும் ஒருவரைப் பார்த்து, நீ இம்மண்ணைச் சேர்ந்தவன் அல்லன் என்று சொல்பவர் வேறு யார்? நம்மவர்கள் இந்த இடத்தில் நின்று வாதாடியிருக்க வேண்டும். சலுகை, பாதுகாப்பு என்று பேசியதன் மூலம், அச்சட்டம் ஒரு சமுதாயத்துக்காகச் செய்யப்பட்டதே என்ற எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டுக்குத் தாமே சாட்சி கூறியவர்களானார்கள். 2019 ஆகஸ்ட் 31இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெறாத 19,06,657 பேரில் வங்காளி இந்துக்களும் ஏராளம். அவர்களும் அதே சுமையின் கீழ்தான் நின்றார்கள்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மற்றோர் அஸ்ஸாமியர் வழக்கில், கையில் ஆதாரம் ஏதுமின்றி ஒருவரை அழைத்துக் குடியுரிமையை மெய்ப்பிக்கச் சொல்ல அரசுக்கு உரிமையில்லை என்றது. பெயரின் எழுத்திலும் தேதியிலும் உள்ள சிறு வேறுபாடுகள் அவரை அந்நியராக்கிவிடா என்றும் கூறி, அவரை இந்தியக் குடிமகன் என அறிவித்தது. 2005இன் தீர்ப்பு விட்ட இடைவெளியை ஓரளவு அடைத்த தீர்ப்பு இது. ஆனால் அன்று எழுந்த ஆரவாரத்தில் கால்பங்குகூட இதற்கு எழவில்லை. இதில் கொண்டாட ஒரு நாயகரும் இல்லை, கட்சி தொடங்க ஒரு காரணமும் இல்லை போலும். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2025இல் புதிய சட்டம் வந்தபோதும் மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறவில்லை. குடிமகன் என்று அறிவிக்கப்பட்ட அந்த மனிதரோ, தீர்ப்பு வருவதற்கு முன்பே மறைந்துவிட்டிருந்தார்.